ஆன்டெனா நான்கு, பாதை எத்தனை?

வைஃபை ரவுட்டர் விற்கும் கடைகளில் ஆன்டெனாக்களை எண்ணித்தான் பலரும் விலை கேட்கிறார்கள். நான்கு கொம்பு இருந்தால் ஒரு மதிப்பு, எட்டு இருந்தால் இன்னொரு மதிப்பு. 5ஜி டவர்களிலோ 64 அனுப்பும் கிளைகளும் 64 வாங்கும் கிளைகளும் கொண்ட பெட்டிகளே தொங்குகின்றன. எண்ணிக்கை கூடினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. மீதிப் பாதியை முடிவு செய்வது, அனுப்பும் இடத்துக்கும் வாங்கும் இடத்துக்கும் நடுவில் நிற்கும் சுவர், மரம், கண்ணாடி, லாரி, மனிதர்கள். அந்த நடுப்பகுதியைத்தான் பொறியாளர்கள் சேனல் என்கிறார்கள். அதைக் கணக்கில் எழுதுவது எப்படி என்பதற்கு முப்பது ஆண்டுகளாகப் பல மாடல்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. எதை விட்டது, எந்த ஊரில் அளந்தபோது அப்படி விட்டது சரிப்பட்டது என்று கேட்காமல் ஒரு மாடலை எடுத்துப் பயன்படுத்தினால், விடை துல்லியமாக வரும், ஆனால் தப்பாக வரும்.

அடிப்படை பள்ளிக் கணக்குதான். அனுப்பும் பக்கம் இரண்டு ஆன்டெனா. ஒன்று அ என்ற எண்ணையும் மற்றது ஆ என்ற எண்ணையும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் அனுப்புகின்றன. காற்றில் இரண்டும் கலந்துவிடும். வாங்கும் பக்கத்தில் முதல் ஆன்டெனாவுக்கு 3அ + 2ஆ கிடைக்கிறது, இரண்டாவதற்கு அ + 4ஆ கிடைக்கிறது என்று வைப்போம். இரண்டு சமன்பாடு, தெரியாத எண் இரண்டு, தீர்த்துவிடலாம். இப்போது இரண்டாவது ஆன்டெனாவுக்கு 6அ + 4ஆ கிடைத்தால்? அது முதல் சமன்பாட்டின் இரட்டிப்பு, புதிதாக எதுவும் சொல்லவில்லை. ஆன்டெனா இரண்டு இருந்தும் பாதை ஒன்றுதான். அந்த 3, 2, 1, 4 என்ற எண்களை வரிசையாக அடுக்கினால் கிடைக்கும் அணிதான் சேனல். நிஜத்தில் அவை அளவும் கட்டமும் (அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதும்) கொண்ட சிக்கலெண்கள். நேரத்தோடும் அலைவரிசையோடும் மாறும். மேலே இரைச்சலும் சேரும். ஆனாலும் கேள்வி அதேதான்: அந்த அணியின் வரிசைகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு வேறுபடுகின்றன?

இந்த வேறுபாட்டின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிளாட் ஷானன் 1948-இல் தந்த சூத்திரப்படி, சிக்னல் இரைச்சலைவிட 100 மடங்கு வலுவாக இருந்தால், ஓர் ஆன்டெனா ஜோடி விநாடிக்கு ஒரு ஹெர்ட்ஸுக்கு 6.7 பிட் வரை கொண்டு செல்லும். இதை இரட்டிப்பாக்க வேண்டுமானால் சிக்னல் 10,000 மடங்காக வேண்டும், அதாவது மின்திறனை 100 மடங்கு கூட்ட வேண்டும். யாருக்கும் கட்டுப்படியாகாது. அதே மொத்த மின்திறனை நான்கு ஆன்டெனாக்களுக்குப் பகிர்ந்து, எதிரிலும் நான்கு வைத்தால், மிகச் சிறந்த சேனலில் 26.6 பிட் கிடைக்கும். மிக மோசமான சேனலில், அதாவது நான்கு வரிசைகளும் ஒரே மாதிரி இருக்கும்போது, சேனல் எப்படியிருக்கிறது என்று அனுப்பும் பக்கத்துக்குத் தெரியாவிட்டால், 8.6 பிட்தான். கருவி அதே, மின்திறன் அதே, செலவு அதே. சுற்றுப்புறம் மட்டும் மாறியதால் மூன்று மடங்கு வித்தியாசம்.

இந்த யோசனைக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படையில் சோனார் கருவிகளை உருவாக்கியவர். கடலுக்கடியில் பல உணரிகளை வரிசையாக வைத்து ஒலிகளைப் பிரித்தறியும் அந்தத் துறையிலிருந்து ஸ்டான்ஃபோர்டு போனவர், தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே அலைவரிசையில் பல சிக்னல்களை ஒன்றாக அனுப்பி, வாங்கும் பக்கம் பல ஆன்டெனாக்களால் பிரித்தெடுக்கலாம் என்பதே அதன் சாரம். காப்புரிமை 1994-இல் கிடைத்தது. கணிதப் பக்கத்தை அமெரிக்கத் தொலைபேசி ஆய்வகமான பெல் லேப்ஸில் இருவர் நிறுவினார்கள்: எம்ரே தெலாத்தார் 1995-இல் ஓர் உள்குறிப்பாக எழுதினார், அது இதழில் வர 1999 ஆனது, ஜெரார்டு ஃபொஸ்கினியின் கட்டுரை 1996-இல் வெளியானது. 1998-இல் பெல் லேப்ஸ் ஆய்வகத்துக்குள்ளேயே ஹெர்ட்ஸுக்கு 20 முதல் 40 பிட் வரை அனுப்பிக் காட்டினார்கள். அதுவரை பல பாதைகளில் சிதறி வரும் அலைகளை எல்லோரும் தொல்லையாகத்தான் பார்த்தார்கள். சிதறல் இல்லாவிட்டால் இந்த வித்தையே பலிக்காது என்று இப்போது தெரிந்தது.

ஃபொஸ்கினியும் தெலாத்தாரும் கணக்கை எளிதாக்க ஓர் அனுமானம் வைத்துக்கொண்டார்கள். அணியில் உள்ள ஒவ்வோர் எண்ணும் மற்ற எந்த எண்ணோடும் தொடர்பில்லாத தற்செயல் எண். எல்லாத் திசைகளிலிருந்தும் எண்ணற்ற அலைகள் தாறுமாறான கட்டங்களோடு வந்து கூடினால் கிடைக்கும் ராலே பரவலை அவை பின்பற்றும். இந்த மாடலில் முன்சொன்ன நான்குக்கு நான்கு அமைப்புக்குச் சராசரியாக ஏறக்குறைய 22 பிட் வரும். மிக அழகான மாடல், பாடப்புத்தகங்களில் இன்றும் முதலில் வருவது இதுதான். இதில் ஊர் இல்லை, சுவர் இல்லை, ஆன்டெனாக்களுக்கு இடையே தூரம்கூட இல்லை. அதுதான் அதன் பலம், அதுதான் அதன் பலவீனம்.

தூரம் ஏன் முக்கியம்? கையில் இருக்கும் போனைச் சுற்றி எல்லாப் பக்கமும் சிதறல் நடக்கிறது. அந்த நிலையில் அரை அலைநீளம் தள்ளி வைத்த இரு ஆன்டெனாக்கள் கிட்டத்தட்டத் தொடர்பற்ற சிக்னலைப் பெறும். 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 8.6 செ.மீ., அதில் பாதி 4.3 செ.மீ., போனுக்குள் அடங்கிவிடும். உயரமான டவரின் நிலைமை வேறு. அங்கிருந்து பார்த்தால் போனும் அதைச் சுற்றியுள்ள சிதறலும் ஒரு குறுகிய கோணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எல்லா அலைகளும் ஒரே திசையிலிருந்து வருவதுபோல் இருப்பதால் பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்கள் ஒரே கதையைத்தான் சொல்லும். வேறு கதை கேட்க வேண்டுமானால் பல அலைநீளங்கள் தள்ளி வைக்க வேண்டும்.

ஒரு சிக்னல் மற்றதைப் போலவே இருக்கும் இந்த ஒட்டுறவை மாடலுக்குள் கொண்டுவர வேண்டும். எட்டுக்கு எட்டு அமைப்பில் 64 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்புக்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் உள்ள ஒட்டுறவை எழுதினால் 64-க்கு 64, மொத்தம் 4,096 எண்கள் கொண்ட அட்டவணை வரும். அளப்பதும் கஷ்டம், நினைத்துப் பார்ப்பதும் கஷ்டம். இங்கேதான் குரோனெக்கர் மாடல் வந்தது. அனுப்பும் பக்கத்து ஒட்டுறவைத் தனியாக ஓர் எட்டுக்கு எட்டு அட்டவணையாக எழுது, வாங்கும் பக்கத்தை இன்னோர் அட்டவணையாக எழுது, நடுவில் பழைய ராலே அணியை வை, மூன்றையும் பெருக்கு. 4,096 எண்கள் 128 ஆகச் சுருங்கிவிடும். கணினியில் எழுத மூன்று வரி போதும். ஆய்வுக் கட்டுரைகளில் இது காட்டுத்தீயாகப் பரவியதற்கு அந்த மூன்று வரியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சுருக்கியபோது விட்டது என்ன? அலை எந்தத் திசையில் கிளம்பியது என்பதற்கும் எந்தத் திசையில் வந்து சேர்ந்தது என்பதற்கும் இருக்கும் தொடர்பை. இடப்பக்கம் அனுப்பினாலும் வலப்பக்கம் அனுப்பினாலும், வாங்குபவருக்கு அலைகள் அதே திசைகளிலிருந்து, அதே விகிதத்தில் வந்து சேரும் என்பதுதான் குரோனெக்கரின் உள்ளர்த்தம். இது உண்மையா என்று தெரிய அளந்துதான் பார்க்க வேண்டும்.

பெல் லேப்ஸ் குழு நியூயார்க்கின் மன்ஹாட்டனில் அளந்தது. 16 அனுப்பிகள், 16 வாங்கிகள், 2.11 கிகாஹெர்ட்ஸ். திமித்ரி சிசிக்கும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட முடிவுகள் சுவாரசியமானவை. ஒட்டுறவே இல்லை என்ற பழைய அனுமானத்தை வைத்தால், கொள்ளளவுக் கணிப்பில், அதாவது சேனல் அதிகபட்சம் எத்தனை பிட் கொண்டு செல்லும் என்ற கணிப்பில், இடைநிலைப் பிழை 18 சதவீதம். இரு பக்க ஒட்டுறவையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் 3 சதவீதம்தான். இன்னொன்றும் தெரிந்தது. பேஸ் ஸ்டேஷன் (டவர்) பக்கத்தில் இரண்டு அலைநீளம், அதாவது 28 செ.மீ. தள்ளி வைத்தாலே ஆன்டெனாக்கள் பெரும்பாலும் தொடர்பற்றுப் போயின. உயரத்தில் இருந்தால் பல அலைநீளம் வேண்டும் என்று சற்றுமுன் சொன்னதை அந்த நகரத்தின் கட்டடக் காடு பொய்யாக்கிவிட்டது.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழு அலுவலக அறைகளுக்குள், எட்டுக்கு எட்டு அமைப்பில், 5.2 கிகாஹெர்ட்ஸில் அளந்தது. ஹுசெயின் ஓஸ்செலிக்கும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட சிறு கட்டுரையின் தலைப்பே குரோனெக்கர் மாடலின் குறைபாடுகளைப் பற்றியது. அளந்த கொள்ளளவைவிட மாடல் தரும் கொள்ளளவு தொடர்ந்து குறைவாக இருந்தது. ஒரு பக்கமாகவே சாய்ந்த பிழை என்பதால் அதை இரைச்சல் என்று தள்ளிவிட முடியாது. ஆன்டெனாக்களின் எண்ணிக்கை கூடக் கூட, அளந்ததற்கும் மாடலுக்கும் உள்ள இடைவெளியும் கூடியது.

ஏன் அப்படி என்பதை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். ஓர் அறையில் இரண்டே பாதைகள் என்று வைப்போம். இடப்பக்கம் கிளம்பிய அலை ஜன்னலில் பட்டு ஒரு திசையில் வந்து சேர்கிறது. வலப்பக்கம் கிளம்பியது பீரோவில் பட்டு இன்னொரு திசையில் வந்து சேர்கிறது. குரோனெக்கர் மாடலுக்கு எது எதோடு சேர்ந்தது என்று தெரியாது. கிளம்பும் திசை இரண்டு, சேரும் திசை இரண்டு என்று மட்டும்தான் தெரியும். அதனால் நான்கு பாதைகளை உண்டாக்கி, இருக்கிற ஆற்றலை நான்குக்கும் பங்கிட்டுவிடும். இல்லாத இரண்டு பேய்ப்பாதைகள்! பாதை கூடினால் வேகமும் கூட வேண்டாமா என்று தோன்றும். நடப்பது தலைகீழ். நிஜ அறையில் இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு தனித் தரவு ஓட்டத்தை அனுப்பலாம். மாடலில் அவை குறுக்கும் நெடுக்கும் கலந்துவிடுகின்றன, கலந்ததைப் பிரிப்பதில் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கிறது. சிக்னல் வலுவாக இருக்கும்போது இந்த உதாரணத்தில் அந்த இழப்பு ஹெர்ட்ஸுக்கு அரை பிட்டுக்குச் சற்று மேல். மறுபக்கம், பாதை நான்கு இருப்பதாக நினைப்பதால், ஒன்று மங்கினாலும் மற்றது காப்பாற்றும் என்று மாடல் நிஜத்தைவிட அதிகமாக நம்பும். ஒரே பிழை, வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது, நம்பகத்தன்மையைக் கூட்டிக் காட்டுகிறது.

அப்படியானால் மன்ஹாட்டன் சரியா, வியன்னா சரியா? இரண்டும்தான் என்பது என் கருத்து. தெருவில் நிற்பவரைச் சுற்றி இருபுறமும் கட்டடங்கள். டவரிலிருந்து அலை எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடைசியில் அதே தெருவுக்குள் விழுந்து, அதே சுவர்களில் மோதித்தான் வந்து சேர வேண்டும். கிளம்பிய திசை மறந்துபோகிறது. குரோனெக்கர் அனுமானம் அங்கே இயல்பாகவே பொருந்தும். சின்ன அலுவலக அறையில் அப்படி மறக்க இடமில்லை. எந்தச் சுவரில் பட்டது என்பது கடைசிவரை அலையோடு வருகிறது. ஆன்டெனாக்கள் இரண்டு மூன்றுதான் என்றால் திசைகளைப் பிரித்துப் பார்க்கும் கூர்மை கருவிக்கே இருக்காது, அதனால் பிழையும் தெரியாது. எட்டு வைத்தால் தெரிந்துவிடும்.

வியன்னாவிலேயே வெர்னர் வைக்செல்பெர்கர் இதற்கு ஒரு திருத்தம் கொடுத்தார், 2006-இல் இதழில் வந்தது. இரு பக்க அட்டவணைகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று. அனுப்பும் பக்கத்து எந்தத் திசைக்கோவை (ஆன்டெனாக்கள் சேர்ந்து அலையைக் குவிக்கும் ஒரு வடிவம்) வாங்கும் பக்கத்து எந்தத் திசைக்கோவையோடு எவ்வளவு ஆற்றலில் இணைகிறது என்று அது சொல்லும். எட்டுக்கு எட்டில் மேலும் 64 எண்கள்தான், பேய்ப்பாதைகள் போய்விடும். ஆனாலும் குரோனெக்கர் ஓய்ந்துவிடவில்லை. எளிமைக்கு இருக்கும் செல்வாக்கு அப்படி.

ஒட்டுறவை மட்டும் பார்த்தால் ஏமாறக்கூடிய இடம் இன்னொன்றும் இருக்கிறது. அனுப்பும் பக்கம் நல்ல சிதறல், வாங்கும் பக்கமும் நல்ல சிதறல், நடுவில் ஒரே ஒரு சிறு துளை. எல்லா அலைகளும் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். இரு பக்கமும் ஆன்டெனாக்களுக்கு இடையே ஒட்டுறவு சுழி என்று அளவீடு காட்டும், ஆனால் அணியின் தரம், அதாவது ஒன்றையொன்று சாராத வரிசைகளின் எண்ணிக்கை, 1. எத்தனை ஆன்டெனா வைத்தாலும் ஓட்டம் ஒன்றுதான். சாவித்துவாரம் என்று இதற்குப் பெயர். சிசிக்கும் ஃபொஸ்கினியும் இருந்த குழு 2002-இல் இதைக் கணக்கில் காட்டியது. பிறகு ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில், அலை புகாத அறைச் சுவரில் சிறு துளை போட்டு அளந்தும் பார்த்தார்கள். வெளியுலகில் இவ்வளவு சுத்தமான சாவித்துவாரம் அபூர்வம். ஆனாலும் ஒட்டுறவு குறைந்தால் எல்லாம் நலம் என்று எழுதும் எவரும் ஒரு நிமிஷம் நிதானிக்க இது போதும்.

சரி, தொழில்துறை எந்த வழியில் போனது? அணியின் எண்களை நேரடியாகக் கற்பனை செய்வதை விட்டு, சிதறும் பொருட்களைக் கற்பனை செய்யத் தொடங்கியது. இதன் வேர் பழையது. பெல் லேப்ஸில் அடெல் சாலேயும் ரெய்னால்டோ வாலென்சுவேலாவும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் 1.5 கிகாஹெர்ட்ஸ் துடிப்புகளை அனுப்பிப் பார்த்து, அலைகள் கொத்துக் கொத்தாக வந்து சேர்வதை 1987-இல் எழுதியிருந்தார்கள். செல்போன் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2003-இல் வெளியிட்ட மாடலில் 6 பாதைகள், ஒவ்வொன்றிலும் 20 துணைக்கதிர்கள். பிறகு ஐரோப்பாவின் வின்னர் திட்டம் அதை வளர்த்தது. 5ஜிக்காக 2017-இல் வந்த 38.901 என்ற ஆவணம் 0.5 முதல் 100 கிகாஹெர்ட்ஸ் வரை கணக்கில் எடுக்கிறது. நகரம், கிராமம், அலுவலகம் என்று இடத்தைச் சொன்னால், அந்த வகை இடங்களில் அளந்த புள்ளிவிவரங்களிலிருந்து கொத்துகளின் தாமதம், ஆற்றல், கிளம்பும் கோணம், சேரும் கோணம் எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கி எடுக்கும். இதில் பெரிய லாபம், ஆன்டெனா தனி, சேனல் தனி என்று பிரிந்துவிடுவது. அதே சேனலில் 8 ஆன்டெனா வைத்துப் பார்க்கலாம், 64 வைத்தும் பார்க்கலாம். ஒட்டுறவு மாடலில் அளந்த ஆன்டெனா அந்த எண்களுக்குள்ளேயே உறைந்துபோயிருக்கும்.

இதிலும் விட்டது ஒன்று உண்டு. ஒவ்வொரு பயனருக்கும் சீட்டுக் குலுக்கல் தனித்தனி. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் இருவருக்கு நிஜத்தில் அதே சுவர்கள்தான், மாடலிலோ வேறு வேறு உலகம். பல பயனர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் 5ஜி உத்தியைச் சோதிக்கும்போது, பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்களைப் பிரிப்பது எளிது என்ற பொய்யான தெம்பை இது தரும். இதைச் சரிசெய்யும் முறை 38.901-இல் இருக்கிறது, ஆனால் விருப்பமிருந்தால் சேர்க்கும் கூடுதல் பகுதியாகத்தான்.

வைஃபை பக்கம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்குப் பிடித்த மாடல் விவரம் அங்கேதான் இருக்கிறது. 2009-இல் ஏற்கப்பட்ட 802.11என் தரத்துக்காக 2004-இல் ஆறு சேனல் மாடல்கள் எழுதப்பட்டன. வீட்டில் ரவுட்டரும் லேப்டாப்பும் நகர்வதில்லை, மனிதர்கள்தான் நடக்கிறார்கள். அதற்கு மணிக்கு 1.2 கி.மீ. என்று ஒரு வேகம் வைத்தார்கள். கூடவே டியூப்லைட்டையும் சேர்த்தார்கள். மாறுமின்சாரத்தில் டியூப்லைட் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை எரிந்து அணைகிறது. எரியும்போது உள்ளே இருக்கும் அயனியான வாயு அலையைத் திருப்பி அனுப்பும், அணையும்போது அனுப்பாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை சேனல் துடிக்கும். அலுவலகத்துக்கான இரண்டு மாடல்களில் இது இருக்கிறது. எல்ஈடி விளக்குகள் வந்துவிட்ட அலுவலகங்களில் அந்த வரிக்கு இனி வேலை இல்லை. மாடலுக்கு ஊர் மட்டுமல்ல, காலமும் உண்டு.

ஊர் என்றதும் இந்தியா தன் பங்குக்குச் செய்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 5ஜி தொழில்நுட்பங்களை மதிப்பிட ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 2017-இல் வெளியிட்ட எம்.2412 அறிக்கையில் கிராமப்புறத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட கோபுர இடைவெளி 1,732 மீட்டர். நம் கிராமங்களில் அவ்வளவு நெருக்கமாக டவர் நடுவது கட்டுப்படியாகாது என்று இந்தியத் தர அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ வாதிட்டது. அதன் பயனாக 6 கி.மீ. இடைவெளி, 700 மெகாஹெர்ட்ஸ், மெதுவாக நகரும் பயனர்கள் என்று இன்னொரு சூழலும் சேர்ந்தது. திறந்த வெளியில் சிதறல் குறைவு என்பதால் அங்கே பாதைகளும் குறைவு. ஒரே பெட்டிக்குள் சாய்வாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு முனைவாக்கங்களை, அதாவது அலை அதிரும் திசைகளை, கொண்டு இரண்டு ஓட்டங்களை எடுக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்ப்பது சிரமம்.

அப்புறம் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையே நூற்றைத் தாண்டியபோது, யாரும் சந்தேகப்படாத ஓர் அனுமானம் உடைந்தது. தாமஸ் மார்செட்டா 2010-இல் பேஸ் ஸ்டேஷனில் எண்ணற்ற ஆன்டெனாக்கள் இருந்தால் என்னவாகும் என்று எழுதிய பிறகு, லுண்டில் 2.6 கிகாஹெர்ட்ஸில் 128 இடங்களைக் கொண்ட நேர்கோட்டு வரிசையை வைத்து அளந்தார்கள். நீளம் 7.3 மீட்டர். அந்த வரிசையின் ஒரு முனைக்குத் தெரிந்த சிதறல் கொத்து மறுமுனைக்குத் தெரியவில்லை. அதுவரை எல்லா மாடல்களும் வரிசை முழுவதும் ஒரே சேனலைப் பார்க்கிறது என்றுதான் வைத்திருந்தன. வரும் அலையின் முகப்பு தட்டையானது என்ற அனுமானமும் நிற்காது. 7.3 மீட்டர் வரிசைக்கு இந்த அலைவரிசையில் அது செல்லுபடியாக, வழக்கமான விதிப்படி, 920 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். நகரத்தில் பெரும்பாலான பயனர்கள் அதற்குள்தான் இருப்பார்கள். அளவீடுகள் வந்த பிறகு மாடல்களில் ஒவ்வொரு கொத்துக்கும் வரிசையில் எங்கிருந்து எங்குவரை தெரியும் என்ற எல்லையும் சேர்ந்தது.

மில்லிமீட்டர் அலைகளில் சிக்கல் வேறு. 28 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒரு செ.மீ.தான், வலுவான பாதைகளும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எண்ணற்ற அலைகள் கூடும் ராலே படம் அங்கே ஒத்துவராது. எந்தக் கட்டடத்தில் எந்தச் சுவர் என்று கேட்க வேண்டியிருப்பதால், நகரத்தின் முப்பரிமாண வரைபடத்தில் கதிர்களை ஓடவிட்டுப் பார்க்கும் முறை மீண்டும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. வரைபடம் கிடைக்கிறது. சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா, உலோகப் பூச்சு கொண்ட கண்ணாடியா என்பது அதில் பெரும்பாலும் இருக்காது.

3ஜிபிபி தன் 19-ஆம் வெளியீட்டில் 7 முதல் 24 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்காக 38.901-ஐ மறுபடி திறந்தது. 6ஜிக்குப் பேசப்படும் அலைவரிசைகள் அங்கேதான் இருக்கின்றன. அருகில் நிற்பவருக்கு வளைந்த அலைமுகப்பு, வரிசையின் ஒரு பகுதிக்கு மட்டும் தெரியும் கொத்து ஆகிய இரண்டும் அந்த வேலையின் பட்டியலில் இடம்பிடித்தன.